பேங்க் ஆஃப் மதுராவில் பணியாற்றியவர்களுக்கு ஒரு திறந்த மடல்



2001 மார்ச் 10 அன்று உங்கள் பேங்க் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. அன்று ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அன்றைக்கே ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் பலர் இப்போது நம்மோடு இல்லை. இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த பேங்கின் கதையை நீங்கள் சொல்ல வேண்டும். எழுதியோ, பேசிப் பதிவு செய்தோ சொல்லுங்கள். மதுரையில் யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கக்கூடிய, கேட்கக்கூடிய ஓர் இடத்தில் அது சேர வேண்டும்.

நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன். எங்கள் பாடத்தில் உங்கள் பேங்குக்கு இடம் இருக்கிறது. வங்கி இணைப்பு என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி வரும். தெற்கே கிளைகள் தேவைப்பட்ட ஒரு புதிய வங்கி, கிளைகள் நிறைய வைத்திருந்த ஒரு பழைய வங்கியை எடுத்துக்கொண்டது, பேங்க் ஆஃப் மதுராவின் ஒரு பங்குக்கு ஐசிஐசிஐ வங்கியின் இரண்டு பங்கு கொடுக்கப்பட்டது என்பதோடு முடிந்துவிடும். மாணவர்கள் அந்த விகிதத்தை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அந்த பேங்க் பிறந்தது தாங்கள் பஸ் ஏறி இறங்கும் இதே ஊரில்தான் என்பது அவர்களில் பலருக்குப் புதுச் செய்தி. வடக்குச் சித்திரை வீதியில் அதற்குப் பதிவு அலுவலகம் இருந்தது என்று சொன்னால், கோயிலுக்குப் பக்கத்திலா என்று கேட்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். எடுத்துக்கொண்டவர் பக்கத்துக் கதை மட்டுமே அச்சில் இருக்கிறது. கொடுத்தவர் பக்கத்துக் கதை உங்கள் வீடுகளுக்குள்ளேயே கிடக்கிறது.

உங்கள் பேங்க் பிறந்த 1943 எப்பேர்ப்பட்ட ஆண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. ஐந்தே ஆண்டுக்கு முன், 1938-ல், திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் மூழ்கி, தென்னாட்டில் பேங்க் என்றாலே பணம் போட்டவன் வயிற்றில் புளியைக் கரைத்த காலம். அதற்கும் முன், 1906-ல், சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானதைப் பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூழலில்தான் ஆலை முதலாளியான கருமுத்து தியாகராசர் மதுரையில் ஒரு வங்கியைத் தொடங்கினார். மீனாட்சி மில்லைக் கட்டியவர் அவர். பின்னால் 1949-ல் தியாகராசர் கல்லூரியையும் 1957-ல் பொறியியல் கல்லூரியையும் நிறுவினார். மில்லைப் பற்றியும் கல்லூரிகளைப் பற்றியும் ஊருக்குத் தெரியும். பேங்கைப் பற்றித்தான் பேச்சே இல்லை. கல்லூரியில் ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள், பெயர் நிலைக்கிறது. கதவு சாத்திய பேங்குக்கு அப்படி யார் இருக்கிறார்கள், உங்களைத் தவிர?

மதுரை இழந்த பேங்க் உங்களுடையது மட்டும் இல்லை. 1946-ல் எஸ். என். கே. சுந்தரம் இங்கே தொடங்கிய பாண்டியன் பேங்க் 1963-ல் கனரா வங்கியோடு போயிற்று. அதில் வேலை பார்த்த யாரையாவது இப்போது தேடிக் கண்டுபிடித்துப் பேச வைக்க முடியுமா? காலம் கடந்துவிட்டது. உங்கள் பேங்குக்குள்ளேயும் வேறு இரண்டு பேங்குகள் அடங்கியிருந்தன. 1904-ல் தொடங்கிய இலஞ்சி பேங்க் ஒன்று, 1933-ல் தொடங்கிய செட்டிநாடு மெர்க்கன்டைல் பேங்க் மற்றொன்று. இரண்டும் 1960-களில் உங்களோடு சேர்ந்தன. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இலஞ்சியில் 1904-லேயே ஒரு பேங்க் இருந்தது என்றால் அதற்குப் பணம் போட்டவர்கள் யார், கடன் வாங்கியவர்கள் யார், நெல்லா, தோப்பா, எதை நம்பிக் கொடுத்தார்கள்? இலஞ்சி பேங்கிலிருந்து உங்கள் பேங்குக்கு மாறி வந்த பெரியவர்களோடு ஒரே மேஜையில் வேலை பார்த்தவர்கள் உங்களில் இருக்கக்கூடும். அவர்கள் டீ குடிக்கும்போது சொன்னது ஏதாவது நினைவில் இருந்தால், அந்த பேங்கைப் பற்றி மிஞ்சியிருக்கும் கடைசித் தடயம் அதுவாகக்கூட இருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பாஸ்புக் இருக்கிறது. அட்டை நைந்துவிட்டது. உள்ளே எல்லாம் கையெழுத்து. தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு என்று ஐந்து கட்டம். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சின்னதாக ஒரு இனிஷியல். ஒரே பக்கத்தில் மூன்று பேருடைய எழுத்து இருக்கிறது. ஒருவர் நீல மையில் சாய்த்து எழுதுகிறார். இன்னொருவர் எண்ணை அச்சுக் கோத்ததுபோல் நிமிர்த்தி வைக்கிறார். ஓரிடத்தில் இருப்புத் தொகை தப்பாக ஏறி, சிவப்பு மையில் கோடு போட்டு, திருத்தி, பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சில ரூபாய் வித்தியாசம்தான். அதற்கு இரண்டு பேர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். அந்த இனிஷியல்களுக்கு உரியவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாரோதான்.

அந்த நாள் வேலையை நீங்கள் சொன்னால்தான் தெரியும். நகைக்கடன் கவுன்டரில் அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துச் சொல்லும் தரம், அதற்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் முகம், தாலிக்கொடி வரும்போது நீங்கள் என்ன செய்தீர்கள், ஏலத்துக்கு நோட்டீஸ் அனுப்பும் முன் யாரைவிட்டுச் சொல்லியனுப்பினீர்கள் என்பதெல்லாம் எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை. கீழமாசி வீதி மளிகை வியாபாரிக்குக் குடோன் சரக்கின்மேல் கடன் கொடுத்தால், மூட்டையை எண்ணப் போன கிளார்க்குக்கு மிளகாய் நெடியில் கண் எரிந்திருக்கும். மேலே அடுக்கியது நல்ல மூட்டை, அடியில் இருப்பது என்ன என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைக்காரருக்குத் தீபாவளிக்கு முன் ஓவர்டிராஃப்ட் எவ்வளவு ஏற்றிக் கொடுக்கலாம் என்பதை எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்தீர்கள்? பேலன்ஸ் ஷீட் ஒன்று சொல்லும், கடையில் போய் அரைமணி நேரம் உட்கார்ந்தால் வேறொன்று தெரியும் என்று பழைய மேனேஜர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இன்று ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்பதை ஒரு கடன் மதிப்பெண் முடிவு செய்கிறது. அந்த மதிப்பெண் வராத காலத்தில் ஊரை அறிந்தவர் எப்படி முடிவெடுத்தார், எங்கே சரியாகக் கணித்தார், எங்கே ஏமாந்தார் என்பது வணிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடமாக வேண்டிய விஷயம். அதைச் சொல்லித்தர என்னிடம் புத்தகம் இல்லை.

மகளிர் குழுக்களின் கதை இன்னும் மனத்தை உறுத்துகிறது. 1990-களின் நடுவில் உங்கள் கிராமக் கிளைகள் பெண்களை இருபது இருபது பேராகச் சேர்த்துக் குழு அமைத்தன. முதலில் சேமிப்பு, பிறகு கடன். இணைப்பு நடந்தபோது அப்படி ஏறத்தாழ 1,200 குழுக்கள் இருந்தன. அடுத்த இரண்டு ஆண்டில் ஐசிஐசிஐ வங்கி அதை 8,000-க்குக் கொண்டுபோயிற்று. அமெரிக்காவில் மேலாண்மைப் பேராசிரியராக இருந்த சி. கே. பிரகலாத் 2004-ல் வெளியிட்ட நூலில் அது ஒரு முன்மாதிரியாக இடம்பெற்றது. உலகம் படித்தது, பாராட்டியது. நல்லது. ஆனால் முதல் குழுவைச் சேர்க்க எந்த ஊர்ச் சாவடியில் போய் உட்கார்ந்தீர்கள், பேங்க்காரர் எதற்குப் பொம்பளைகளைக் கூப்பிடுகிறார் என்று கேட்ட ஆம்பளைகளுக்கு என்ன பதில் சொன்னீர்கள், கையெழுத்துப் போடத் தெரியாத முதல் தலைவி எப்படிக் கணக்குப் பார்த்தார்? விதை போட்டவர்கள் பேசாமல் இருந்தால் விளைச்சலைப் பற்றி மட்டும்தான் ஊர் பேசும்.

இணைப்பைப் பற்றியும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் பார்வையைச் சொல்கிறேன். தவறென்றால் திருத்துங்கள். 1969-ல் ஐம்பது கோடிக்கு மேல் வைப்பு வைத்திருந்த 14 வங்கிகள் அரசுடைமை ஆயின. 1980-ல் இருநூறு கோடிக்கு மேல் இருந்த ஆறு ஆயின. இரண்டு முறையும் உங்கள் பேங்க் அளவில் சிறியதாக இருந்ததால் தனியாராகவே நின்றது. 1990-களில் காற்று மாறியது. மூலதன விகிதம் 2000 மார்ச்சுக்குள் ஒன்பது சதவீதம் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. கணினி, ஏடிஎம் என்று எல்லாவற்றுக்கும் பெரும் பணம் தேவைப்பட்டது. புதிய தனியார் வங்கிகள் கையில் பணத்தோடு வந்து இறங்கின. முன்பு காப்பாற்றிய அதே சிறிய அளவு இப்போது கழுத்தைப் பிடித்தது. தலைவராக இருந்த கே. எம். தியாகராசன், பேங்க் நலிந்து படுக்கும்வரை காத்திராமல் நிற்கும் தெம்பு இருக்கும்போதே முடிவெடுத்தார். பங்குதாரர் பக்கம் பார்த்தால் அது நல்ல முடிவு என்பதை மறுக்க முடியாது. கரூரில் 1926-ல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பரில் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். டிபிஎஸ் வங்கியோடு சேர்த்தபோது பங்குதாரருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை, மொத்தப் பங்கும் பூஜ்யமாயிற்று. உங்கள் பேங்கில் பணம் போட்டவரும் இழக்கவில்லை, பங்கு வைத்திருந்தவரும் இழக்கவில்லை.

ஆனால் ஊழியருக்கு? சங்கங்கள் எதிர்த்தன. ஐசிஐசிஐ வங்கிக்கு அன்று நூறு சொச்சம் கிளைகள்தான், உங்களுக்கு இருநூற்று அறுபதுக்கும் மேல். ஆட்களும் உங்கள் பக்கமே அதிகம், சுமார் 2,500 பேர். இருந்தும் பெயர் போனது உங்களுடையது. நாற்பது, நாற்பத்தைந்து வயதில், பேரேடு எழுதிப் பழகிய கையோடு, உங்களைவிடப் பதினைந்து வயது இளையவர் நடத்திய பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தீர்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பியவர்களும் உண்டு, மாற்றல் வாங்கி வடக்கே போனவர்களும் உண்டு, புது வேலையைக் கற்று மேலே போனவர்களும் உண்டு. முதல் நாள் கிளையைத் திறந்தபோது வாடிக்கையாளர் வந்து என்ன கேட்டார்? வீட்டில் என்ன சொன்னீர்கள்? சங்கக் கூட்டத்தில் என்ன பேசினீர்கள், பேச நினைத்துப் பேசாமல் விட்டது என்ன? எந்தப் பாடநூலிலும் இல்லாத பகுதி இதுதான். இந்த நாட்டில் பேங்க் இணைப்பு இன்னும் ஓயவில்லை. அடுத்து யாருடைய பலகையை இறக்குவார்கள் என்று காத்திருப்பவர்களுக்கு உங்கள் அனுபவம் கைகொடுக்கும்.

நீங்கள் தயங்கக்கூடிய காரணங்கள் எனக்குப் புரிகின்றன. வேலைக்குச் சேர்ந்த அன்றே இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டீர்கள். வாடிக்கையாளர் கணக்கைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது உங்கள் ரத்தத்தில் ஊறியது. அதை மீறச் சொல்லவில்லை. யார் எவ்வளவு வாங்கினார், யார் கட்டவில்லை என்பது எங்களுக்கு வேண்டாம். கிளை லெட்ஜரோ வாடிக்கையாளர் விண்ணப்பமோ தப்பித் தவறி உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் யாரிடமும் காட்ட வேண்டாம். உங்களுடையது என்று சொல்லக்கூடியவை போதும். வேலை நியமன உத்தரவு, மாற்றல் உத்தரவு, கிளைத் திறப்புவிழா அழைப்பிதழ், குரூப் போட்டோ, சங்கத் துண்டறிக்கை, பயிற்சிக் குறிப்பு நோட்டு, பேங்க் பெயர் போட்ட காலண்டர், டைரி, இவை எல்லாம் சேர்ந்தாலே பெரிய விஷயம்.

பேங்கிடமே பழைய ஏடுகள் இருக்குமே என்று நினைக்க வேண்டாம். வங்கி ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதற்கு 1985-ல் வந்த விதி இருக்கிறது. சிலவற்றுக்கு ஐந்து ஆண்டு, லெட்ஜர் போன்றவற்றுக்கு எட்டு ஆண்டு. அதற்குப் பிறகு அழித்துவிடச் சட்டத்தில் தடையில்லை. யாரும் தப்பு செய்ய வேண்டியதில்லை, விதிப்படி நடந்தாலே ஒரு பேங்கின் எழுத்து முழுவதும் பழைய பேப்பர் எடைக்குப் போய்விடும். ரிசர்வ் வங்கிக்குப் புனேயில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே இருப்பவை வங்கிகளை ஒழுங்குபடுத்தியவர் பார்வையில் எழுதிய கோப்புகள். கவுன்டருக்குப் பின்னால் இருந்து பார்த்தது உங்களிடம்தான் உண்டு.

இன்னொன்றையும் மனம்விட்டுக் கேட்கிறேன். புகழ்ந்து மட்டும் எழுதாதீர்கள். கடன் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். ஆலை முதலாளிகளும் வியாபாரிகளும் உள்ளே போய் உட்கார்ந்து பேசிய அதே அறைக்கு வெளியே, துண்டைக் கையில் இடுக்கிக்கொண்டு நின்றவர்கள் இருந்திருப்பார்கள். அறிமுகக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் கணக்கே தொடங்க முடியாமல் போனவர்கள் இருந்திருப்பார்கள். வேலைக்கு ஆள் எடுத்தபோது யார் உள்ளே வர முடிந்தது, பெண்கள் எப்போது வந்தார்கள், வந்த பெண்களுக்குக் கிளையில் ஒதுக்க ஒரு கழிப்பறையாவது இருந்ததா? வாராக் கடன் எங்கே, யார் சொல்லிக் கொடுத்ததால் விழுந்தது? பெயர் வேண்டாம், நடந்த விதம் போதும். குறைகளோடு சொன்னால்தான் நிறைகளையும் ஊர் நம்பும். அம்மாமார்கள் இதில் கூச்சப்படாமல் முன்வர வேண்டும். ஓய்வுபெற்றோர் கூட்டங்களில் மேடையில் ஆண்கள் பேச, நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டதே அதிகம்.

உங்களால் ஊருக்கு உடனடியாகக் கைமேல் ஒரு பலனும் உண்டு. பெரியவர் காலமான பிறகு பீரோவில் பேங்க் ஆஃப் மதுரா பங்குப் பத்திரத்தைக் கண்டெடுத்து, பேங்கே இல்லை, காகிதம்தானே என்று தூக்கிப் போடும் குடும்பங்கள் இருக்கக்கூடும். அன்று ஒரு பங்குக்கு இரண்டு. 2014-ல் பங்கு ஐந்தாகப் பிரிந்தது, 2017-ல் பத்துக்கு ஒன்று போனஸ். அந்தக் கணக்கில் பழைய ஒரு பங்கு இன்று ஐசிஐசிஐ வங்கியின் பதினொரு பங்கு. ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் அவை முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும், உரியவர் விண்ணப்பித்தால் திரும்பக் கிடைக்கும். பத்தாண்டு தொடாத வைப்புத் தொகையை ரிசர்வ் வங்கி 2023-ல் தொடங்கிய உத்கம் தளத்தில் தேடலாம். உங்கள் தெருவில், உங்கள் பழைய கிளை இருந்த ஊரில், இதை நாலு பேருக்குச் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் இல்லை. அப்படிச் சொல்லப் போகும் வீட்டிலேயே பழைய பாஸ்புக்கையும் கண்ணில் பட்ட காகிதத்தையும் பத்திரப்படுத்தச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். நீங்கள் அவ்வப்போது கூடுகிறீர்கள். சங்கக் கூட்டம், பழைய நண்பர் பேரன் கல்யாணம், துக்கம் விசாரிக்கப் போவது என்று ஏதோ ஒன்றில் பத்துப் பேர் சேர்ந்துவிடுகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். மதுரை, விருதுநகர், சிவகங்கை, திண்டுக்கல், தேனி என்று வட்டாரத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றால் போதும். எண்பதைத் தாண்டியவர்களின் பட்டியலை முதலில் போடுங்கள். அவர்கள் வீட்டுக்கு ஒருவர் போய், செல்போனை மேஜைமேல் வைத்துப் பேச விடுங்கள். பேரப்பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டால் பெரியவர்கள் இன்னும் விவரமாகச் சொல்வார்கள். எந்தக் கிளையில், எந்த ஆண்டு, என்ன வேலை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். பிறகு தேடுகிறவனுக்கு அதுதான் பிடிமானம். போட்டோவின் பின்னால் நிற்பவர்களின் பெயரைப் பென்சிலில் எழுதிவையுங்கள்.

சேர்ந்தவற்றை ஒரு வீட்டு அலமாரியில் அடைக்காமல் பொது நூலகத்துக்குக் கொடுங்கள். 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, நிறுவனர் பெயரிலேயே தியாகராசர் கல்லூரி இருக்கிறது, காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கே கொடுப்பது என்பதை நீங்களே கூடி முடிவு செய்து, எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புகை வாங்காமல் எதையும் கொடுக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பதிவு செய்யவும் எழுதி எடுக்கவும் கை வேண்டும் என்றால் வணிகவியல் மாணவர்களை அனுப்புகிறேன். எந்தக் கிளைக்காரர் வீட்டுக்கு, எந்த ஞாயிற்றுக்கிழமை அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மதுரையில் வணிகவியல் நடத்தும் ஓர் ஆசிரியன்